கட்டைவிரல் எங்கே?

லண்டனில் ஒரு நூலகத்தின் படப்பிடிப்பு அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். பழைய கையெழுத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. சொன்னால் ஜெராக்ஸ் கடையா என்பார்கள். ஏறக்குறைய அதுதான், என்ன, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

அதிகம் கைக்கு வந்தவை 'புக் ஆஃப் அவர்ஸ்'. விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை எட்டு வேளை சொல்லவேண்டிய செபங்கள். மடத்துத் துறவிகளைப் பார்த்துப் பிரபுக்கள் வீட்டிலும், குறிப்பாகப் பெண்கள், தங்களுக்கென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிரான்சின் பெரி என்ற பகுதியின் கோமகனுக்காக லிம்பர்க் சகோதரர்கள் வரைந்தது இவற்றில் பேர்போனது. 1416-இல் கோமகனும் போனார், சகோதரர் மூவரும் போனார்கள். பாதியில் நின்றதை எழுபது வருஷம் கழித்து இன்னொருவர் முடித்தார். அது பிரான்சில், ஷாந்தியி கோட்டையில் இருக்கிறது. என் மேஜைக்கு வந்தவை அவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை.

தங்கம்தான் எங்களுக்குத் தலைவலி. வெண்சாந்தை மேடாகப் பூசி, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் வேறு பக்கம் தெறித்தால் படத்தில் தங்கம் கறுப்பாக விழும். லென்ஸ் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் மஞ்சள் எழும்பி வரும். கையுறை கிடையாது. கழுவித் துடைத்த வெறுங்கைதான். துணி உறை போட்டால் தோல்தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புத்தகம் வந்தது. இன்றைய பெல்ஜியப் பக்கத்துப் பிளாண்டர்ஸில் செய்து இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றுக்குப் போனது. கையகலம்தான். வானதூதர் கபிரியேல், இயேசுவைப் பெறுவாய் என்று மங்கள வார்த்தை சொல்லும் படத்தில் மரியாளின் அங்கி அப்படியொரு நீலம். ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைக் கல்லை அரைத்த நீலம் அது. அந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது. பின்னால் வந்த பக்கங்களில் கீழ்மூலை எல்லாம் பழுப்புக் கறை. சேர்ந்த ஜோரில், மெனக்கெட்டு, நாற்பது பக்கங்களில் கறையைக் கணினியில் துடைத்துவிட்டேன். மூலப் படத்தின் மேலேயே சேமித்தும் வைத்தேன்.

புத்தகங்களைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்தார். திரையைப் பார்த்தார். "இந்தப் பக்கத்தில் இருந்த கட்டைவிரல் எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அவர் புத்தகத்தையே திறந்து காட்டினார். 'ஒப்செக்ரோ தே' என்று தொடங்கும், மரியாளிடம் மன்றாடும் செபம். லத்தீனில் அடியான் என்று இருக்கிறதா, அடியாள் என்று இருக்கிறதா என்று பார்த்தாலே ஆணுக்காக எழுதியதா பெண்ணுக்காகவா என்று தெரிந்துவிடும். இதில் அடியாள். அந்தப் பக்கத்தில் படமும் இல்லை, தங்கமும் இல்லை. கறை மட்டும் மற்ற எல்லாப் பக்கத்தையும்விட அடர்த்தி. இப்படிக் கறையின் அடர்த்தியைக் கருவி வைத்து அளந்து, எந்தச் செபத்தை அதிகம் சொன்னார்கள் என்று பார்த்த ஆய்வே உண்டாம்.

முன்பக்கத்து நாட்காட்டியையும் புரட்டினார். ஓரத்தில் பிள்ளை பிறந்தது, பெரியவர் இறந்தது எல்லாம் வேறு வேறு கையெழுத்தில், நம் வீட்டுக் காலண்டரில் பால்கணக்கு எழுதுவது போல. டிசம்பர் 29-இல், அரசரை எதிர்த்துக் கொல்லப்பட்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் பெயர். அந்தப் பெயரை எல்லாப் புத்தகங்களிலும் அழிக்கச் சொல்லி 1538-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஆணை போட்டார். பலர் கத்தியால் சுரண்டியே எடுத்தார்கள். இந்த வீட்டார் மெல்லிய கோடு ஒன்று இழுத்ததோடு சரி. கேட்டால் அடித்துவிட்டோம் என்று காட்டலாம், படிக்கவும் படிக்கலாம். நல்ல சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது பக்கங்களையும் மறுபடி எடுக்க இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு பக்கமும் புரட்டும்போது என் விரலும் அந்தக் கறை மேலேதான் போய் விழுந்தது. பிடிக்க வேறு இடம் இல்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வாழ்த்து அட்டைக்காக அந்த மங்கள வார்த்தைப் படத்தைக் கேட்டு ஆர்டர் வரும். கறைப் பக்கத்தை நான் இருந்தவரை ஒருவரும் கேட்டதில்லை.