ரெண்டு எஸ்டேட், ஒரு பென்ஷன்

ஏற்காட்டில் அம்மா காபிப் பழம் பறித்தது 13 வருஷம். முதல் எஸ்டேட்டில் 7, அடுத்ததில் 6. வயது 58 முடிந்ததும் பி.எஃப். பென்ஷன் கேட்டுப் போனோம். எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர் ஆறு வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு, "பத்து வருஷம் இல்லையேம்மா, 10சி போட்டுட்டு வர்ற பணத்தை வாங்கிக்கோ" என்று, பணத்தை மொத்தமாக எடுக்கும் அந்த ஃபாரத்தை நீட்டினார். அம்மா பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். "படிச்சுப் பார்த்துட்டுத் தர்றோம்" என்று நான் ஃபாரத்தை மடித்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

10சி போட்டுப் பணத்தை எடுத்துவிட்டால், அந்த வருஷங்கள் பென்ஷனுக்குச் சேராது. பி.எஃப். பிடிக்கும் தொழிலாளர்களுக்கான 1995 பென்ஷன் திட்டத்துக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டியதில்லை. எஸ்டேட் மாறி மாறி வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

முதல் எஸ்டேட் கணக்கு 2003-இல் ஆரம்பித்தது, வேலை மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். வருவதற்கு முந்தையது. பழைய பி.எஃப். நம்பர் தெரிந்தால்தான் தேட முடியும். அம்மாவின் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்த ஒரு ஸ்லிப் கிடைத்தது. மடிப்பில் கடைசி எண் தேய்ந்து 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

மாதாமாதம் 27-ஆம் தேதி பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனோம். 8-தான் சரி. ஆனால் பி.எஃப். கணக்கில் அம்மா பெயர் 'ள்' என்று முடிகிறது, ஆதாரில் அந்த 'ள்' இல்லை. அந்த ஓர் எழுத்தைத் திருத்த, தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம். அதில் எஸ்டேட் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் நடந்தோம். அப்புறம் இரண்டு கணக்கையும் சேர்த்து, மாதப் பென்ஷன் கேட்கும் 10டி ஃபாரம் கொடுத்தோம்.

திட்டத்தின் கணக்குப்படி, சராசரிச் சம்பளம் 7,000, அதை சர்வீஸ் வருஷம் 13-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 1,300 ரூபாய். 58 முடிந்த நாளிலிருந்து நிலுவையும் வந்தது. பாஸ்புக் பதிந்து வந்த அன்று அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வருஷம் ஒருமுறை உயிர்ச் சான்று தர வேண்டும். பழம் பறித்துத் தேய்ந்த விரல். மெஷினில் ரேகை விழவேயில்லை. போனில் முகத்தைக் காட்டியும் பதியலாம் என்றார்கள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அம்மா சிமிட்டினார், பதிந்துவிட்டது.