ஜின் லேன்: மூன்று வாரம் உற்றுப் பார்த்ததில்

பழைய அச்சுப்படம் ஒன்றை எடுத்து மாதம் முழுக்க அதையே பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இந்த மாதம் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751-இல் வெளியிட்ட 'ஜின் லேன்'. ஜின் என்ற மலிவுச் சாராயத்தில் மூழ்கிப்போன லண்டன் செயின்ட் ஜைல்ஸ் பகுதித் தெரு. அதே ஆண்டு வந்த ஜின் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஆதரவான படம். அப்போது விலை ஒரு ஷில்லிங்.

முதல் வாரம் வீண். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்தால் கறுப்பு அப்பி, நிழலுக்குப் போட்ட குறுக்குக் கோடுகளெல்லாம் ஒரே மையாகிவிட்டன. சரி என்று கணினியிலேயே பார்த்தேன். அங்கேயும் தப்பு செய்தேன்: நத்தை என்றால் சோம்பல், நாயோடு ஒரே எலும்பைக் கடிக்கும் ஆள் என்றால் பசி என்று அகராதி மாதிரி எழுதிக்கொண்டே போனேன். இரண்டு பக்கம் நிறைந்தது, மனசில் ஒன்றும் ஒட்டவில்லை.

அப்புறம் வெள்ளைத் தாளில் தீப்பெட்டி அளவு ஓட்டை வெட்டித் திரைமேல் வைத்து நகர்த்தினேன். நடுவில் படிக்கட்டில் ஒரு பெண். முதலில் அவள் கை மட்டும். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுக்கிறாள், விரல்களில் அவ்வளவு கவனம். மேலே நகர்த்தினால் பாதிச் சிரிப்பு. கீழே, கால் முழுக்கப் புண். பக்கத்தில் குழந்தை: அவள் பிடியிலிருந்து நழுவி, கைப்பிடியைத் தாண்டித் தலைகீழாக விழுகிறது. முழுப் படத்தில் அவளைக் கொடூரி என்று நினைத்திருந்தேன். கையைத் தனியாகப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வரவில்லை. குழந்தை விழுவதே அவளுக்குத் தெரியாது.

'இந்தத் தெருவில் பயப்படுவது இந்தக் குழந்தை மட்டும்' என்று நோட்டில் எழுதிவைத்து, எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் வாரம் அதை அடிக்க வேண்டியதாயிற்று. பின்னால் கூட்டத்தில் ஒருவன் குழந்தையைக் கம்பியில் குத்தித் தூக்கிக்கொண்டு போகிறான். ஒரு பெண் அலறிக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள். இத்தனை நாள் எப்படி விட்டேனோ.

அடையாளங்களில் இன்னும் என்னை விடாதது அடகுக்கடை. மற்ற வீடுகள் இடிந்து விழ, அது கெட்டியாக நிற்கிறது. தச்சன் ரம்பத்தை நீட்டுகிறான், ஒருத்தி சமையல் பாத்திரங்களை. ரம்பத்தைக் குடித்தவன் நாளைக்கு எதை அறுப்பான்? கடையின் மூன்று உருண்டைச் சின்னம் தூரத்துத் தேவாலயக் கோபுரத்துக்கு நேர் மேலே தொங்குகிறது. கண்ணைச் சுருக்கினால் கோபுரத்து உச்சியில் சிலுவை நட்ட மாதிரி இருக்கிறது.

அடுத்தது இதன் ஜோடிப் படம், 'பீர் ஸ்ட்ரீட்'. ஒரு முறைதான் பார்த்தேன். அங்கே எல்லாரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், அடகுக்கடை மட்டும் பாழடைந்து கிடக்கிறது. கடைக்காரர் கதவைக்கூடத் திறக்காமல், சின்ன ஓட்டை வழியாகத் தன் பீரை வாங்கிக்கொள்கிறார்.