குலசாமி கோயில் அரசமரம்

மாசிப்பச்சைக்கு குலசாமி கும்பிட வருசம் தவறாம போயிருவோம். இந்தத் தடவை நானும் அத்தையும் மட்டும்தான், மாட்டுத்தாவணில மேலூர் பஸ் ஏறி அங்கேருந்து ஷேர் ஆட்டோ. அத்தை மடியில ஒரு தூக்குவாளி நிறைய பசும்பால், அபிஷேகத்துக்கு. ஊர் பேரு வேணாம், யாரையும் சண்டைக்கு இழுக்க இத எழுதல, மனசு தாங்காமத்தான் எழுதுறேன்.

கண்மாய்க்கரை திரும்புனதுமே அரசமரம் தெரியும், அதப் பாத்துத்தான் அத்தை கன்னத்துல போட்டுக்கும். அன்னிக்கு வெறும் வானம்தான் தெரிஞ்சுச்சு. வழி மாறிட்டோமோன்னு ஆட்டோக்காரத் தம்பிட்ட கேட்டா, "மரத்த வெட்டிட்டாங்கம்மா, முந்தாநேத்துதான்"ங்கிறாரு.

கிட்ட போயி பாத்தா அடிமரம் மட்டும் இடுப்பளவு நிக்குது, வெட்டுன வாய் பூரா வெள்ளையா பால் வடிஞ்சு உறைஞ்சு கிடக்கு, யாரோ கட்டுன மஞ்சக்கயிறு அறுந்து அந்தப் பால்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. வேர் கவ்விப் புடிச்சிருந்த நாகர் கல்ல பிரிச்சு மதிலோரமா சாத்தி வச்சிருக்காங்க, கல்லோட முதுகுல ஒரு வேர்த்துண்டு மட்டும் இன்னும் விடாம புடிச்சிருக்கு. அதப் பாத்ததும்தான் எனக்கு அழுகை வந்துருச்சு. நான் பொறக்கணும்னு எங்கம்மா தொட்டில் கட்டி, அமாசோமவாரம் தவறாம 108 சுத்து சுத்துன மரம்ங்க அது.

பூசாரி ஐயாட்ட கேட்டா கும்பாபிஷேகம் வருது, கிரானைட் தளம் போடணும், இலை விழுந்து குப்பையாகுது, வேர் மதிலத் தூக்குதுங்கிறாரு. அவரும் சந்தோசமா சொல்லல. ஆனா மரத்த வெட்டிட்டுப் போடுற தளம் எப்படி திருப்பணியாகும்? மீனாட்சி கோயில்ல பட்டுப்போன கடம்ப மரத்தையே காப்பாத்தி வச்சு கும்பிடுற சீமை இது, பச்சை மரத்த வெட்ட எப்படித்தான் மனசு வந்துச்சோ.

அப்பாவுக்கு பிண்டம் வைக்க காசி, கயா போனப்ப அப்படியே புத்தகயாவும் பாத்துட்டு வந்தோம். புத்தர் ஞானம் அடைஞ்ச அந்த அரசமரம் பட்ட பாடு கொஞ்சமில்ல. அசோகரோட ராணியே விஷமுள்ளு குத்தி பட்டுப்போக வச்சான்னு இலங்கையோட பழைய வரலாற்று நூல் மகாவம்சம் சொல்லுது, கௌட ராஜா சசாங்கன் வெட்டி வேரத் தோண்டி எரிச்சான்னு 7-ம் நூற்றாண்டுல வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் எழுதி வச்சிருக்காரு. 1876-ல புயல்ல விழுந்துச்சு, 1881-ல தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்காம் வச்சதுதான் இப்ப நிக்கிறது. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடியே அசோகரோட மக சங்கமித்தை கொண்டுபோன கிளை, இலங்கை அனுராதபுரத்துல 2,200 வருசத்துக்கு மேல உசுரோட நிக்குது. யுவான் சுவாங் எழுதுனதுல ஒண்ணு எனக்கு மறக்கவே இல்ல, சசாங்கன் செஞ்சதக் கேள்விப்பட்டு மகதத்து ராஜா பூர்ணவர்மன் தரையில விழுந்து அழுது, ஆயிரக்கணக்கான பசுவோட பால வேருக்கு ஊத்துனாராம், ராத்திரியோட ராத்திரியா மரம் தளுத்து வந்துச்சாம்.

இதெல்லாம் அத்தைக்குத் தெரியாது, நான் சொன்னதும் இல்ல. உள்ள மணி அடிச்சு அபிஷேகம் ஆரம்பிச்சிருச்சு, அத்தை தூக்குவாளியோட உள்ள போகாம நேரா அடிமரத்துக்குப் போயி பாதிப் பால வேர்ல ஊத்துச்சு, மிச்சத்த நாகருக்கு ஊத்துச்சு. அப்புறம் வெட்டிப்போட்ட குவியல்ல மணிக்கட்டு தடிமனுக்கு ஒரு போத்து தேடி எடுத்து ஈரச்சாக்குல சுத்தி என் கையில குடுத்து, "வாப்பா, கண்மாய்க்கரையில நட்டுட்டுப் போவோம்"னுச்சு.

பூசாரி ஐயாதான் கடப்பாரை கொண்டாந்து குழி தோண்டுனாரு. தெனமும் ஒரு குடம் தண்ணி ஊத்துறேன்னு சொல்லியிருக்காரு.