தரை வீட்டுக்கு மேல் ஒரு மாடி: முதல் கோட்டிலிருந்து சி.சி.சி. வரை

கோலாலம்பூரில் செந்தூல், செத்தாப்பாக், ஜாலான் ஈப்போ பக்கம் அப்பா காலத்தில் வாங்கிய தரை வீட்டை விற்க மனமில்லாமல், மேலே ஒரு மாடி ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. 20 அடி அகலம், 70 அடி நீளம், இரண்டு பக்கமும் பொதுச் சுவர், பின்னால் லோரோங் (சந்து). அப்படி ஒரு வீட்டின் வேலையை முதல் பேச்சிலிருந்து சாவி கைமாறும் வரை நடத்தியதில் தெரிந்தவற்றை இங்கே வைக்கிறோம். குத்தகைத் தொகை, அதாவது கட்டித் தருபவரோடு பேசிய விலை, 380,000 ரிங்கிட். கீழே வரும் பணக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, பிளானில் கையெழுத்துப் போடப்போவது யார் என்பது. 'பிளான் ஃப்ரீ, எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று குத்தகையாளர் சொன்னால், அந்தக் கையெழுத்துக்காரரை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பிளானைச் சமர்ப்பிப்பவரே கடைசியில் சி.சி.சி.யையும், அதாவது வீடு குடியேறத் தகுந்தது என்ற சான்றிதழையும், தர வேண்டும். பி.எஸ்.பி. என்று அழைக்கப்படும் அந்தப் பொறுப்பை லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் எடுக்கலாம். தொழில்முறைப் பொறியாளரும் எடுக்கலாம். பதிவு பெற்ற கட்டட வரைவாளரும் எடுக்கலாம். வரைவாளருக்கு மட்டும் வரம்பு உண்டு: இரண்டு மாடிக்கும் 300 சதுர மீட்டருக்கும் மேல் அவர் போக முடியாது. நம்முடைய மாதிரி வீடு அதற்குள் அடங்கிவிடும் என்பதால் வரைவாளரே போதும். ஆனால் வீட்டுப் பக்கமே வராமல் முத்திரை மட்டும் குத்தித் தருபவர் போதாது. ஏன் என்பது, ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்திடும் ஜி படிவங்களைப் பற்றிக் கடைசியில் பேசும்போது புரியும்.

ஆர்க்கிடெக்டை அமர்த்தினால், அவரோடு போடும் ஒப்பந்தத்தில் கட்டணம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும்: ஸ்கீமேட்டிக் என்ற முதல் வரைவு, விரிவான வடிவமைப்பு, ஒப்பந்த ஆவணங்கள், பிறகு கட்டுமான காலம். எந்தக் கட்டத்தின் முடிவில் எந்தத் தாள் உங்கள் கைக்கு வரும் என்பதை எழுதி வாங்குங்கள். பதிவு பெற்ற நிறுவனமென்றால் கட்டணத்தின் மேல் 8 விழுக்காடு சேவை வரி சேரும் (2024 மார்ச்சுக்கு முன் 6 ஆக இருந்தது). அடிப்படைச் சேவையில் வருவது அவ்வப்போது வந்து பார்க்கும் ஆய்வுதான். காலை முதல் மாலை வரை சைட்டில் ஆள் நிற்க வேண்டுமென்றால் அதற்குத் தனி ஆள், தனிச் சம்பளம். 'ஆர்க்கிடெக்ட் இருந்துமா இப்படி ஆச்சு' என்ற புகாரில் பாதி இதைப் பேசாமல் விட்டதால் வருவது.

ஸ்கீமேட்டிக் கட்டத்தில் அவசரப்படுவதைப் போல் வீண் செலவு வேறில்லை. பென்சில் கோட்டை அழிக்கக் காசு ஆகாது. கிராண்டின் (நிலப் பட்டாவின்) நகலும் சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீதும் எடுத்து வையுங்கள். இருக்கும் வீட்டை நாடா பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பழைய விற்பனைத் தாளில் உள்ள வரைபடத்தை நம்ப வேண்டாம். பொதுச் சுவரின் தடிப்பைத் தனியாக அளக்க வேண்டும். இன்றைய விதி குறைந்தது 200 மி.மீ. கேட்கிறது; பழைய வரிசைகளில் அரைச் செங்கல் சுவரும் உண்டு. எப்படியிருந்தாலும் புதிய மாடியின் பாரத்தை அதன் மேல் ஏற்றக்கூடாது. பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது.

அகலம் 20 அடி என்றால் 6.1 மீட்டர். சுவர் போக உள்ளே 5.8 கிடைக்கும். முன்னும் பின்னும் இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் உண்டு, நடுவில் மாட்டும் அறைக்கு வெளிச்சுவரே இல்லை. அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடு அளவுக்கு ஜன்னல் வேண்டும், 5 விழுக்காடு அளவுக்குக் காற்று தடையின்றி வர வேண்டும் என்பது விதி. ஆகவே நடுவில் வானம் பார்த்த ஒரு கிணறு, அதாவது ஏர்வெல், தேவைப்படுகிறது. இரண்டு மாடிக் கட்டடத்தில் அது 7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறுகக்கூடாது. 2.5 × 2.8 என்று வைத்தால் சரியாக 7. அதன் சுவரையும் கழித்தால் பக்கத்தில் 3.1 மீட்டர்தான் மிஞ்சும்; நடைவழியும் படிக்கட்டும் அதற்குள் அடங்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் காற்று தரும் கிணறு என்றால் 3.5 சதுர மீட்டர், 2 மீட்டர் அகலம் போதும். வீட்டுக்காரர்களுக்கு இந்த இடம் 'வீணாகப் போவது' போலத் தெரியும். கட்டி முடித்ததும் மேலே பாலிகார்பனேட் போட்டு மூடி அறையாக்கிவிடலாம் என்று குத்தகையாளர் காதில் சொல்வார். மூடினால் நடு அறையின் ஜன்னல் கணக்கே செல்லாது.

ஜன்னல் கணக்கில் இன்னொரு பொறி. 3 × 4 மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் ஜன்னலும் 0.6 சதுர மீட்டர் திறப்பும் வேண்டும். 1.2 × 1.0 அளவில் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் தாளில் பாதி திறந்து 0.6 வந்துவிடும். சைட்டில் அலுமினியச் சட்டம் தின்றதுபோக அது தேறாது. தள்ளித் திறக்கும் ஜன்னல் போடுங்கள், அல்லது உயரத்தை 1.2 ஆக்குங்கள்.

வாஸ்து பார்ப்பவர் இருக்கிறாரென்றால் அவர் வர வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். ஈசானியத்தில் பூஜை அறை, அக்கினி மூலையில் அடுப்பு, பூஜை அறைக்கு மேல் கழிவறை கூடாது என்பதெல்லாம் ஸ்கீமேட்டிக்கில் வந்தால் நல்ல ஆர்க்கிடெக்ட் இடம் பண்ணித் தருவார். அங்கீகாரம் வந்தபின் 'படிக்கட்டு பிரம்ம ஸ்தானத்தில் இருக்கிறது' என்று ஒரு மாமா சொன்னால், படிக்கட்டோடு பீம், ஸ்லாப் திறப்பு, ஏர்வெல் எல்லாம் நகரும். திருத்திய பிளானை மறுபடி சமர்ப்பிக்கவும் வேண்டும்.

விரிவான வடிவமைப்பில் பொறியாளர் சேருகிறார். தரை வீட்டின் பழைய அஸ்திவாரம் ஒரு மாடிப் பாரத்தைத் தாங்கப் போடப்பட்டதல்ல. புதிய தூண்கள் நம் எல்லைக்குள் நிற்க வேண்டும். மண்ணுக்குள் இறக்கும் பைல்களின் மேல் தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டியான பைல் கேப்பும் பக்கத்து மனைக்குள் நீளக்கூடாது. அதனால் சுவரோரத் தூணை உள்பக்க பைலோடு ஸ்ட்ராப் பீம் என்ற இணைப்பு உத்திரம் கொண்டு கட்டுவார்கள். மண் பார்க்காமல் இதை முடிவு செய்யக்கூடாது. கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியில் குழிகளும் கூர்முனைகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. சில தாமான்கள் பழைய ஈயக் குட்டைகளை நிரப்பிய மண்மேல் நிற்கின்றன. சிறு வீட்டுக்கு ஜே.கே.ஆர். புரோப் என்ற மண் சோதனை பண்ணுவார்கள்: 5 கிலோ சுத்தியல் 280 மி.மீ. உயரத்திலிருந்து விழும், ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். மலிவானது, ஆனால் புதைந்த கல்லில் முட்டினாலும் 'கெட்டி மண்' என்றே காட்டும். ஒரே இடத்தில் தட்டிவிட்டுப் போனால் ஏற்காதீர்கள். முன், நடு, பின் என்று மூன்று இடத்திலாவது தட்ட வேண்டும்.

பின்பக்கம் நீட்டிக் கட்டும் சமையலறையான வெட் கிச்சன்தான் பெரும்பாலும் விரிசல் விடும். வீடு ஆழமான பைலில் நிற்கும், சமையலறை நீட்டத்தைக் பக்காவ் என்ற குட்டையான மரக் கட்டையில் நிறுத்திப் பழைய சுவரோடு கம்பி அடித்துக் கட்டியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் இறங்காது, சந்திப்பில் மேலிருந்து கீழாகப் பிளக்கும். சிமெண்ட் பூசினால் மறுபடியும் பிளக்கும். நீட்டத்துக்கும் அதே ஆழத்தில் பைல் கொடுங்கள், அல்லது இரண்டையும் தனித்தனியாக விட்டு 20 மி.மீ. இடைவெளிக்கு மேல் மழைநீர் இறங்காமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகடு போடுங்கள்.

படிக்கட்டில் ஏறும் உயரம் 180 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதிக்கும் அகலம் 255க்குக் குறையக்கூடாது. மாடி உயரம் 3,200 என்றால் 18 படி, ஒவ்வொன்றும் 178. பொறியாளர் இதைக் கான்கிரீட் மட்டத்தில் பிரித்துவிட்டால், தரை ஓடு (டைல்) ஒட்டியபின் கோளாறு தெரியும். தரைகளில் ஸ்கிரீட் என்ற சிமெண்ட் பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மி.மீ., படியில் 20 மி.மீ. மட்டும் என்றால், முதல் படி 148 ஆகக் குறையும், கடைசிப் படி 208 ஆக உயரும். வயதானவர்கள் தடுக்கி விழுவது அந்தக் கடைசிப் படியில்தான். ஓடு போட்ட மட்டத்திலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். மேல்மாடிக் குளியலறையின் ஸ்லாபை 50 மி.மீ. இறக்கி ஊற்றுவதும் இப்போதே பொறியாளர் தாளில் ஏற வேண்டும். சமமாக ஊற்றிவிட்டால் குளியலறைத் தரை படுக்கையறையைவிட மேலே நிற்கும், தண்ணீர் எங்கே ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

மாநகர் மன்றத்துக்குச் சமர்ப்பிப்பது ஓ.எஸ்.சி. என்ற ஒரே முகப்பு வழியாக. கோலாலம்பூருக்குத் திட்டமிடலில் தனிச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 267ஆம் சட்டம். சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஓடுவது 1976ஆம் ஆண்டின் 172ஆம் சட்டம். கிள்ளானில் கட்டிய மச்சான் சொல்லும் வழிமுறை இங்கே அப்படியே பொருந்தாது. பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம் கேட்கப்படும். தீபாவளிப் பலகாரத்தோடு போய்ப் பேசுவது தாளோடு போய்ப் பேசுவதைவிட நல்லது. அங்கீகாரம் வந்ததும், வேலை தொடங்கப் போகிறது என்று அறிவிக்கும் 'பி' படிவத்தை பி.எஸ்.பி. முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நல்ல நாள் பார்த்து பூமி பூஜையை முன்னதாகவே வைத்துக்கொள்ளலாம். செங்கல் வைத்துக் கும்பிடலாம், மண்வெட்டி இயந்திரம் மட்டும் வரக்கூடாது.

விலை கேட்கும் ஆவணத்தில் 'நல்ல ரக ஓடு' என்று எழுதியிருந்தால் சண்டை நிச்சயம். இன்னும் தேர்வு செய்யாத பொருளுக்கு பி.சி. விலை என்ற உத்தேச விலை போடுங்கள்: ஓடு சதுர அடிக்கு இவ்வளவு ரிங்கிட், பொருளுக்கு மட்டும், ஒட்டும் கூலி தனி என்று. குத்தகையாளருக்கு சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) தந்த தரத்தையும் பாருங்கள். ஜி1 என்றால் 200,000 வரை, ஜி2 500,000 வரை. நமக்கு ஜி2 வேண்டும். 500,000க்கு மேல் போகும் குத்தகைக்குத்தான் 0.125 விழுக்காடு லெவி.

சிறு குத்தகையாளர் 30, 40 விழுக்காடு முன்பணம் கேட்பது நம் ஊர் வழக்கம். மலேசிய ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தமான பி.ஏ.எம். 2018இல் போனால் அந்தப் பேச்சு இல்லை. முடிந்த வேலைக்கு அவர் கணக்கு கொடுப்பார். ஆர்க்கிடெக்ட் 21 நாளில் சான்றிதழ் தருவார். நீங்கள் அதன்பின் 21 நாளில் கட்டுவீர்கள். ஒவ்வொரு சான்றிதழிலும் 10 விழுக்காடு பிடித்தம், மொத்தப் பிடித்தம் குத்தகையின் 5 விழுக்காடு ஆகும் வரை. 380,000க்கு அது 19,000. பாதி வேலை, அதாவது 190,000 முடியும்போதே நிறைந்துவிடும். வேலை தாமதமானால் குத்தகையாளர் நாளுக்கு இவ்வளவு என்று தர வேண்டிய தாமத நட்டத்தைக் கையெழுத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீடு மாதம் 1,800 என்றால் நாளைக்கு 60 ரிங்கிட். மனதில் தோன்றிய பெரிய எண்ணைவிட ரசீதோடு நிற்கும் சிறிய எண்ணுக்கு வலு அதிகம்.

பைல் இறக்கும் முன் இரு பக்கத்து வீடுகளின் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்து, தேதியோடு படம் எடுத்து, மூன்று பேரும் கையெழுத்திடுங்கள். இதைச் செய்யாத சைட்டில் பக்கத்து வீட்டின் இருபது வருட விரிசலெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். சைட்டில் வாய்மொழியாக எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். ஆர்க்கிடெக்டின் எழுத்து உத்தரவு இல்லாத மாற்றத்துக்குக் கடைசியில் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். கூடுதல் நாள் கேட்கும் குத்தகையாளர் காரணம் நேர்ந்து 28 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தினமும் மாலை நாலு மணிக்குக் கொட்டும் மழை அதற்குக் காரணமாகாது. வழக்கத்துக்கு மாறான கடும் வானிலை மட்டுமே கணக்கு.

அடுத்தது புதுமனை புகுவிழா. சி.பி.சி. என்பது வேலை முடிந்தது என்று உங்களுக்கும் குத்தகையாளருக்கும் இடையில் ஆர்க்கிடெக்ட் தரும் சான்று. சி.சி.சி. சட்டத்துக்கானது, குடியேற அதுதான் வேண்டும். இரண்டும் வருவதற்கு முன்பே அழைப்பிதழ் அடித்துவிடுகிறார்கள். பால் காய்ச்சி, கட்டிலையும் கொண்டுவந்து போட்டுத் தங்கிவிட்டால், அந்தப் பகுதியை நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் குத்தகையாளர் வாதிட ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. அந்தப் பகுதிக்குத் தாமத நட்டம் நிற்கும், குத்தகையாளர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைதீர்க்கும் காலம் ஓடத் தொடங்கும். நாளை மாற்ற முடியாதென்றால் 'பூஜைக்கு மட்டும், ஒப்படைப்பு அல்ல' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். ஹோம குண்டத்துக்கு அடியில் மணல் பரப்பி இரண்டு வரிசை செங்கல் வையுங்கள். புது ஓடு அந்தச் சூட்டில் வெடிக்கும்.

சி.சி.சி. 2007 ஏப்ரல் 12 முதல் சி.எஃப்.ஓ. என்ற பழைய குடியேற்றச் சான்றிதழின் இடத்தில் நிற்கிறது. அதை மாநகர் மன்றம் தருவதில்லை; பி.எஸ்.பி. எஃப் படிவத்தில் தருகிறார், 14 நாளுக்குள் நகலை மன்றத்துக்கும் தன்னைப் பதிவு செய்த வாரியத்துக்கும் அனுப்புகிறார். அதற்குப் பின்னால் ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் (குத்தகையாளர் தரத்தின் ஜி1, ஜி2 வேறு). சிறு வீட்டுக்கு எல்லாம் வராது. மனை அளவு, அஸ்திவாரம், கட்டமைப்பு, உள் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரம், தீத்தடுப்பு அமைப்பு, கட்டடம் ஆகியவை கண்டிப்பாக உண்டு. ஒவ்வொன்றிலும் அந்த வேலையைச் செய்த குத்தகையாளரும் மேற்பார்த்த நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பாதியில் குத்தகையாளர் மாறினால் சிக்கல் இங்கேதான் வெடிக்கும்: பைல் போட்டவர் சண்டையில் போய்விட்டார், அஸ்திவாரத்துக்கான ஜி3 யாரிடம் வாங்குவது? அந்தந்த வேலை முடிந்த வாரமே, கடைசித் தவணை கொடுக்கும் முன் படிவத்தை வாங்கிக் கோப்பில் சேருங்கள். முத்திரை மட்டும் குத்திய வரைவாளர் பின்வாங்குவதும் இந்த நேரத்தில்தான். மண்ணுக்குள் போனதை அவர் பார்க்கவில்லையே. ஏர் கண்டிஷன் கூடியதால் மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டுமென்றால் தெனாகாவுக்கான விண்ணப்பத்தைக் கூரை போடும் நேரத்திலேயே தொடங்குங்கள்.

சி.பி.சி. வந்ததும் பிடித்தத்தில் பாதி, 9,500 ரிங்கிட், குத்தகையாளருக்குப் போகும். மீதி 9,500 குறைகள் சரிசெய்யப்பட்ட சான்றிதழுக்காகக் காத்திருக்கும். ஒப்பந்தத்தில் வேறு எண் எழுதாவிட்டால் குறைதீர்க்கும் காலம் 12 மாதம். சிலர் ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பிப்ரவரியில் சாவி வாங்கினால் ஆண்டுக் கடைசி மழை வருவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும். பொதுச் சுவரோரத்து பாக்ஸ் கட்டர் (கூரை மழைநீர்க் கால்வாய்) ஒழுகுவது நவம்பரில்தான் தெரியவரும்.