டெங்கு உறுதியான பின் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தவை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாட்களில் என் கணவருக்குக் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தன. தனியார் ஆய்வகத்தின் உடனடி முடிவு தரும் அட்டைப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆனால் அதை உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது, இன்னும் நம்பகமான எலைசா என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கூறி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

இரத்தம் எடுக்கும் முன் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, காய்ச்சல் தொடங்கி இது எத்தனையாவது நாள் என்பதுதான். முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் கிருமியின் என்.எஸ்.1 புரதத்தைத் தேடுவார்கள். அதற்குப் பிறகு என்றால் உடல் உருவாக்கிய ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். ஆகவே காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்திருப்பது மிகவும் அவசியம். பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்றும், காய்ச்சல் தணியும் நாட்களில்தான் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் குடும்பங்கள் பல என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முடிவு உறுதியானதும் தகவல் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, சுகாதார ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் வீட்டுக்கு வந்தார்கள். கொசு கடித்து 4 முதல் 10 நாட்களில் நோய் வெளிப்படும் என்பதால், முந்தைய இரண்டு வாரங்களில் என் கணவர் எங்கெல்லாம் போனார் என்று விசாரித்தார்கள். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குச் செல்பவர்கள் நிறைந்த ஊரில் இந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லாவிட்டால், கொசுவை எங்கே தேடுவது என்பதே தெரியாமல் போகும். நோயை மறைப்பது மானத்தைக் காப்பது என்று நினைக்கும் அக்கம்பக்கத்தாரிடம் இதையே விளக்கினேன்.

தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் பார்த்து முடித்து, அவர்கள் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். மழையில் பால்வெட்டு நின்றிருந்ததால் ரப்பர் பால் பிடிக்க மரங்களில் கட்டிய சிரட்டைகளில் (கொட்டாங்குச்சிகளில்) தண்ணீர் தேங்கி, பலவற்றில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. வீட்டுக்குள் வளரும் ஏடிஸ் ஈஜிப்டையைப் போலவே தோட்டங்களில் பெருகும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவும் டெங்குவைப் பரப்பும். அன்னாசிச் செடியின் இலையிடுக்கில் தேங்கும் சிறிதளவு நீரும் அது பெருகப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை சிரட்டைகளைக் கவிழ்த்தாலே அந்தச் சுழற்சி அறுபடும். புகை அடிப்பதையே பலர் கேட்கிறார்கள். அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், சிரட்டையில் உள்ள புழுவைத் தொடாது. தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும் என்பதால், தொட்டிகளைத் தேய்த்துக் கழுவவும் சொன்னார்கள்.

என் கணவர் நலமடைந்துவிட்டார். சிரட்டைகளை இப்போது நாங்களே கவிழ்க்கிறோம். ஆயினும் ரப்பர் விலை கட்டுப்படியாகாமல் பால்வெட்டை நிறுத்திய தோட்டங்களும், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் தோட்டங்களும் எங்களைச் சுற்றி உள்ளன. அவற்றின் சிரட்டைகளை மழைக்கு முன் கழற்றி அடுக்கும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை அடுத்த கிராம சபையில் எழுப்ப, பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம்.