பல்லுக்காகவே இருக்கும் எலும்பு

பல்லைப் பிடுங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: வலிக்குமா, எப்போது சாப்பிடலாம். முகம் என்ன ஆகும் என்று அன்று கேட்பவர் அபூர்வம். அந்தக் கேள்வி சில ஆண்டுகள் கழித்து, உதடு உள்ளே போனதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு வருகிறது. தாடை எலும்பைக் காப்பாற்றப் பல் எடுத்த அன்றைக்குச் சுலபமாகச் செய்திருக்கக்கூடிய ஒன்று, அப்போது பெரிய அறுவை சிகிச்சையாக மாறியிருக்கும்.

தாடையின் அடிப்பகுதி எலும்பு பல் இல்லாவிட்டாலும் இருக்கும். அதன்மேல் வேர்களைச் சுற்றி நிற்கும் பகுதி அப்படியல்ல. பல்லோடு சேர்ந்து உருவாவது அது. பிறவியிலேயே பல் முளைக்காத இடத்தில் அது சரியாக வளர்வதே இல்லை. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. அவற்றின் ஒரு முனை பல்குழியின் உள்சுவரில் பதிந்திருக்கும். மெல்லும் ஒவ்வொரு முறையும் அந்த நார்கள் எலும்பை இழுக்க, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பல் போனால் அந்த இழுவையும் போகிறது. வேலையற்றுப்போன உள்சுவரை உடல் கரைத்துவிடுகிறது.

மேல் முன்பற்களில்தான் இது அதிகம் வெளியே தெரியும். அங்கே உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் பலருக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய சுவரில் ஏறக்குறைய முழுவதும் அந்த நார் பதிந்த எலும்புதான். நார் போனால் சுவரே போய்விடும். அண்ணத்துப் பக்கச் சுவர் தடிமனானது, ஓரளவு நிற்கும். ஆகவே எலும்பு மேடு வெறுமனே குட்டையாவதில்லை, உள்நோக்கியும் நகர்கிறது. உதட்டுக்குப் பின்னால் இருந்த தாங்கல் பின்வாங்குகிறது. கோரைப்பல் போனால் மூக்கின் ஓரத்துக்குக் கீழே ஒரு பள்ளம் விழுவதும் இதனால்தான். அந்த மேட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது கோரைப்பல்லின் நீண்ட வேர்.

பல் எடுத்த முதல் 6 மாதங்களில் எலும்பு மேடு அகலத்தில் சராசரியாக 3.8 மில்லிமீட்டரும் உயரத்தில் 1.2 மில்லிமீட்டரும் குறைவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கடைவாய்ப் பற்களையும் அவற்றுக்கு முன்னால் உள்ள பற்களையும் எடுத்த இடங்களை ஓராண்டு தொடர்ந்து அளந்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 12 மில்லிமீட்டர் அகலம் 5.9 ஆகச் சுருங்கியது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிட்டது. எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளாண்ட், 4 மில்லிமீட்டர் தடிமனில் வைக்கக் குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். "புண் நன்றாக ஆறட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்பது காதுக்கு நிதானமான யோசனையாகப் படும். ஆனால் எலும்பு அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

எடுக்கும் விதத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. குறட்டால் பல்லைப் பிடித்து உதட்டுப் பக்கம் ஆட்டினால் மெல்லிய சுவர் உடையும். சில சமயம் வேரோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்துவிடும். எலும்பைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் மெல்லிய தட்டைக் கருவியை வேருக்கும் எலும்புக்கும் இடையே, அதுவும் பக்கவாட்டிலும் அண்ணத்துப் பக்கத்திலும் இறக்கி, நார்களை அறுப்பார். பல வேர் உள்ள பல்லை வெட்டித் தனித்தனி வேராக எடுப்பார். முடிந்தவரை ஈறைக் கீறித் திறக்கமாட்டார். எலும்பின் வெளிப்புறத்துக்கு ரத்தம் கொடுப்பது அதைப் போர்த்தியிருக்கும் சவ்வு. பல் வந்ததும் குழியின் இரு சுவர்களையும் விரலால் இறுக்கி அமுக்குவது ஒரு பழைய பழக்கம். இம்ப்ளாண்ட் வைக்க இருக்கும் இடத்தில் அப்படி இறுக்கினால், இருக்கிற அகலத்தையும் நாமே குறைத்ததாகிவிடும்.

பிறகு குழியை நிரப்புவது. சீழ்பட்ட திசுவை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்து, சலைனால் கழுவி, எலும்புத் துகள்களை ஈரப்படுத்திக் குழியின் விளிம்பு வரை போடுகிறோம். அழுத்தித் திணிக்கக் கூடாது. துகள்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் ரத்த நாளங்கள் நுழையும், புது எலும்பு வரும். விளிம்புக்கு மேல் கொட்டினால் துகள்கள் நாள்கணக்கில் உமிழ்நீரோடு வெளியே வந்துகொண்டிருக்கும். மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வை, அதன் ஓரங்கள் எலும்பு விளிம்பைத் தாண்டி ஈறுக்கு அடியில் போகும்படி வைத்துத் தையல் போட வேண்டும். 4 முதல் 6 மாதங்களில் இடம் தயாராகும். இதெல்லாம் செய்தும் இழப்பு முழுவதுமாக நிற்காது, குறையும், அவ்வளவுதான். முழுக்க நிற்கும் என்று சொல்லி யாரையும் சம்மதிக்க வைப்பது தவறு. பல் எடுத்த உடனே இம்ப்ளாண்ட் வைத்துவிட்டால் வெளிச்சுவர் கரையாது என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. அப்போதும் கரைகிறது. அதனால்தான் இம்ப்ளாண்டைச் சற்று உட்பக்கமாக வைத்து, முன்னால் உள்ள இடைவெளியைத் துகள்களால் நிரப்புகிறார்கள். பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்லான பிரிட்ஜ் இடைவெளியை மறைக்கும், ஆனால் அதற்கடியில் எலும்பு தன் போக்கில் இறங்கும். சில ஆண்டுகளில் செயற்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கறுப்பாக ஒரு நிழல் தெரியும்.

தேவையற்ற பயத்தையும் இங்கே களைய வேண்டும். ஞானப்பல்லை எடுத்தால் கன்னம் ஒட்டிவிடும் என்று அஞ்சுபவர்கள் நிறையப் பேர். ஒட்டாது; அது இருக்கும் இடம் கன்னத்தின் வடிவத்தைத் தாங்கும் இடமே அல்ல. கிளிப் போடுவதற்காக எடுக்கும் பற்களின் இடத்துக்குப் பக்கத்துப் பல் நகர்ந்து வரும்போது எலும்பும் கூடவே உருவாகிறது. ஒரே ஒரு கடைவாய்ப்பல் போனதாலும் முகம் மாறுவதில்லை. அங்கே நடப்பது வேறு: பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மேல்தாடையானால் அதற்கு மேலே உள்ள காற்றறையான சைனஸ் கீழே விரிந்து எலும்பின் உயரத்தைக் குறைக்கும்.

முகம் உண்மையில் மாறுவது முன்பற்கள் போகும்போதும், ஒரு தாடையின் பற்கள் எல்லாம் போகும்போதும்தான். மேல்தாடை எலும்பு உள்நோக்கிச் சுருங்கும்; கீழ்த்தாடை கரையக் கரைய வெளிப்பக்கம் அகன்றதுபோல் ஆகும். மூக்குக்கும் முகவாய்க்கும் உள்ள தூரம் குறைந்து, முகவாய் மேலேறி முன்னால் துருத்தும். உதட்டின் சிவந்த பகுதி மெலியும். வாயோர மடிப்பில் எச்சில் தேங்கி வெடிப்பும் பூஞ்சைப் புண்ணும் வரும். களிம்பு மட்டும் தடவினால் மீண்டும் மீண்டும் வரும், ஏனென்றால் மடிப்பு அப்படியே இருக்கிறதே.

பல் செட் இழப்பை நிறுத்துவதில்லை. எலும்புக்குத் தேவை இழுவை. செட் தருவது அழுத்தம். பல் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியான ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல் சுமார் நான்கு மடங்கு கரைந்திருந்தது. இன்னொரு ஆய்வு 1978இல் வந்தது. கீழ்க் கோரைப்பற்களின் வேர்களை மட்டும் விட்டுவைத்து அவற்றின் மேல் செட் போட்டவர்களுக்கு 5 ஆண்டுகளில் கரைந்தது 0.6 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2. "எல்லாப் பல்லையும் எடுத்துடுங்க டாக்டர், ஒரே தொல்லை" என்பவரிடம் அந்த இரண்டு வேர்களுக்காக வாதாடுவது வீண் வேலையல்ல. வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டி, மூடி வைத்தால் போதும். தினமும் துலக்காவிட்டால் அவையும் சொத்தையாகும்.

செட் ஆடினால் பசை வாங்கி ஒட்டிக்கொண்டு பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு. ஆடும் செட் எலும்பை இன்னும் வேகமாகத் தேய்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை காட்டி, தேவைப்பட்டால் உட்புறத்தை நிரப்பிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கீழ்த்தாடை மிகவும் கரைந்தவர்களுக்கு, ஒரு காலத்தில் எலும்பின் பக்கவாட்டில் இருந்த நரம்புத் துளை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். கடிக்கும்போது உதட்டில் மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது என்றால், செட்டின் உட்புறத்தில் அந்த இடத்தைக் குடைந்துவிட வேண்டும்.

புது செட்டில் முகத்தை ஓரளவு மீட்கலாம். பற்களை மெழுகில் அடுக்கிய நிலையிலேயே வாயில் வைத்து, உட்கார வைத்துப் பக்கவாட்டிலிருந்து உதட்டைப் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் உதடு பின்னால் சரிந்து ஏமாற்றும். தாடை ஓய்வாக இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சுருக்கம் மறையட்டும் என்று உயரத்தைக் கூட்டினால் பேசும்போது பற்கள் மோதிச் சத்தம் வரும், சாயங்காலத்துக்குள் தாடை ஓய்ந்துவிடும். பல் இருந்த காலத்தில் சிரித்தபடி எடுத்த புகைப்படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால், எந்தப் பல்லை எவ்வளவு முன்னால் அடுக்குவது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது.