நித்யகல்யாணியும் நோபிளின் எலிகளும்

நம்ம ஊர் சுடுகாட்டு ஓரத்தில், தண்ணி ஊத்த ஆளில்லாமலே பூத்துக் கிடக்குமே நித்யகல்யாணி, அதற்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் போடுகிற வின்கிரிஸ்டின் ஊசி இந்தச் செடியிலிருந்து வந்ததுதான்.

கண்டுபிடித்த கதை இன்னும் சுவாரசியம். ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். 1952இல் அங்கிருந்து கொஞ்சம் இலை ஓர் உறையில் கனடா போய்ச் சேர்ந்தது. அங்கே ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவே இல்லை. சாற்றை ஊசியாகப் போட்டதும் எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. வேறு யாராவது என்றால் அத்தோடு தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் ரத்தத்தைச் சோதித்தார்: வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரிந்திருந்தன. அப்படியானால் வெள்ளை அணு தறிகெட்டுப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு? வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து, இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார். வின்கிரிஸ்டின் பின்னாலேயே வந்தது.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழாய்களை உருவாகவிடாமல் தடுப்பதுதான் இந்த இரண்டு மருந்துகளின் வேலை. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நம் தென்மாவட்டங்களில் மானாவாரியாகப் போட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்.

"அப்போ இலையை அரைச்சுக் குடிக்கலாமா?" என்று இன்பாக்ஸுக்கு வந்துடாதீங்க. வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து, தண்டுவடத்தில் போனால் உயிரே போய்விடும். ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டவே மாட்டார்கள்.